எல்மீரோ போட்ட ஓட்டுகள்

2012 பிப்ரவரி 9, வியாழன்

எல்மீரோ இன்று குடியுரிமை நேர்காணலுக்குப் போனான். டை கட்டிக்கொண்டு போனான். ரொட்டி வேன் ஓட்டுகிறவனுக்கு டை! “அண்ணி, ஒரு நாட்டையே கேட்டு வாங்கப் போறேன், சட்டைப் பட்டனைத் தொறந்து விட்டுக்கிட்டா போறது?” என்று கீழ் வாசலில் நின்று கத்தினான். மாடி ஜன்னலிலிருந்து கையசைத்தேன். நாடு இவனுக்காகத்தான் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறது.

நாலு மணிக்குத் திரும்பினான். அதிகாரி கேட்டாராம்: எப்போதாவது தேர்தலில் ஓட்டுப் போட்டதுண்டா? “ஒரு தடவைகூட விட்டதில்லைங்க” என்றானாம். பெருமையாக! அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். வேலை முடிந்தது என்று இவன் எழுந்து கை கொடுக்கப் போனானாம்.

முட்டாள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் தங்கை டியோலிண்டா இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாளோ.

2012 பிப்ரவரி 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து கீழ்வீட்டில் சாப்பாடு. கிரீன் கார்டு வைத்திருப்பவன் ஓட்டுப் போடுவது குற்றம் என்று யாரோ சொல்லி இவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

“டிரைவிங் லைசென்ஸ் ஆபீசுல அந்த ஆளு என் கார்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தானே ஃபாரத்தைக் குடுத்தான்? ‘ஓட்டுக்கும் பதிஞ்சுக்கறீங்களா’ன்னு அவனாத்தானே கேட்டான்? போடக் கூடாதுன்னா எதுக்குக் கேக்கணும்?”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டீங்களா?” என்றாள் டியோலிண்டா. “குடிமகன்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சிருக்கீங்களே!”

“அவன் விரலை வச்சு இங்க, இங்கன்னு காட்டுனான். காட்டுன எடத்துல போட்டேன்.”

காட்டின இடத்தில் போட்டானாம். பதினொரு வயதில் எங்கள் போர்ச்சுகல் தீவிலிருந்து வந்தவன். இந்த ஊரிலேயே படித்தவன். படித்த லட்சணம்.

ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். நான் இன்னும் ஒரு கரண்டி கீரை சூப் ஊற்றிக்கொண்டேன்.

2012 ஜூலை 14, சனி

கடிதம் வந்துவிட்டது. குடியுரிமை கிடையாது. அதோடு, ஏன் நாடு கடத்தக் கூடாது என்று பாஸ்டன் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டுமாம். டியோலிண்டா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் குடியுரிமை உண்டு. இரண்டு பெண்களும் இங்கேயே பிறந்தவர்கள். இவனை மட்டும் பொட்டலம் கட்டிச் சாவோ மிகேல் தீவுக்கே திருப்பி அனுப்புவார்களாம். அங்கே இவனுக்கு யார் இருக்கிறார்கள்? நிலத்தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட ஒரு சித்தப்பா.

கோயில் பெண்கள் வரிசையாக வந்தார்கள், ஆளுக்கொரு கேக்கோடு. “ஐயோ பாவம், இவ்வளவு நல்ல மனுஷன்” என்று சொல்லிக்கொண்டே கண்ணால் வீட்டை அளந்தார்கள். போகும்போது படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். தெருமுனை வரைகூடப் பொறுக்கவில்லை.

2012 ஜூலை 15, ஞாயிறு

இங்கே எழுதாமல் எங்கே எழுதப்போகிறேன்.

2000 அக்டோபரில் லைசென்ஸ் ஆபீசுக்கு அவன் வேனில்தான் போனேன். எனக்கும் லைசென்ஸ் முடிந்திருந்தது. வரிசையில் அவனுக்கு அடுத்து நான். அதே ஆள். என் கார்டையும் வாங்கிப் பார்த்தான், அதே ஃபாரம் கொடுத்தான். நானும் காட்டின இடத்தில் போட்டேன். நவம்பரில் ஓட்டும் போட்டேன். ஒருமுறை.

2006-இல் நான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோதுதான் அந்த இரண்டு கேள்விகளைப் பார்த்தேன். பதிவு செய்ததுண்டா? ஓட்டுப் போட்டதுண்டா? அப்போதுதான் எனக்கே விஷயம் விளங்கியது. நான் வேலை பார்க்கும் மீன் கம்பெனியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டிலும் ‘இல்லை’ என்று குறித்தேன். யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. இருபது நிமிஷத்தில் பாஸ்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி’ என்று கேட்பான். 2006 நவம்பரில் போய்ப் போட்டான். 2008-இல் போட்டான். 2010-இல் போட்டான். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் நின்று, போகிறானே கோமாளி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் கோமாளி?

இல்லை — அவன் தன் வாயாலேயே சொல்லிக் கெட்டான். நான் என்ன செய்ய?

2013 பிப்ரவரி 10, ஞாயிறு

பெரும் புயல். இடுப்பளவு பனி. எல்மீரோ தன் வாசலை மட்டும் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டான். என் மாடிப்படி அப்படியே கிடக்கிறது. சோம்பேறி.

2013 செப்டம்பர் 24

விசாரணை மறுபடி ஒத்திவைப்பு. நீதிபதிக்கு நேரமில்லையாம். ஒரு மனிதனைத் துரத்துவதற்குக்கூட இவர்களுக்கு ஒழுங்காக நாள் குறிக்கத் தெரியவில்லை.

2014 நவம்பர் 4, செவ்வாய்

தேர்தல் நாள். தெருவில் உள்ள குடிமக்கள் எல்லாரும் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரனிடம் “போட்டாச்சா?” என்று எல்மீரோ கேட்டான். “இன்னைக்கா?” என்றான் அவன். இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் எதற்கு ஓட்டு? ஓட்டுப் போடத் துடிக்கிற ஒரே ஆள் மேல் வழக்கு.

நானா? குடியுரிமை வாங்கி எட்டு வருஷமாகிறது. ஒருமுறைகூடப் போகவில்லை. பட்டியலில் என் பெயர் எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று யாராவது கண்ணை ஓட்டிவிட்டால்? உரிமை இல்லாதபோது போட்டேன். உரிமை வந்த பிறகு பயந்து உட்கார்ந்திருக்கிறேன். என்னை வைத்து ஒரு நாடு பெருமைப்பட வேண்டியதுதான்.

2015 மார்ச் 8, ஞாயிறு

ஏப்ரல் 15-க்கு விசாரணை உறுதி. டியோலிண்டா மேலே வந்தாள். அவர்களுடைய வக்கீல் மிஸ் பச்சேகோ கேட்டாளாம்: அன்றைக்கு லைசென்ஸ் ஆபீசில் கூட யாராவது இருந்தார்களா? அந்த ஆள் கார்டைப் பார்த்துவிட்டுத்தான் ஃபாரம் கொடுத்தான் என்று ஒரு சாட்சி சொன்னால், நீதிபதி இரங்க வழி உண்டாம். இல்லையென்றால் இவன் பேச்சு மட்டும்தான்.

“தனியாத்தான் போனேன்னு சொல்லிட்டாரு. பல்லு புடுங்கக்கூடத் தனியாப் போகாத மனுஷன்க்கா அவரு. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?” என்றேன். குரல் பிசிறவே இல்லை. நன்றாகப் பழகியிருக்கிறேன்.

அவனுக்கும் பொய் சொல்லத் தெரிகிறது. ஆனால் யாருக்காக!

2015 மார்ச் 9, திங்கள்

பேக்கரிக்குப் பின்னால் ரொட்டித் தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். நேராகக் கேட்டுவிட்டேன்.

“ஏன் பொய் சொன்னே?”

“எந்தப் பொய்?”

“எல்மீரோ!”

தட்டை வைத்தான். “ஒரு வீட்டுல ஒரு ஆளு மாட்டுனா போதாதா அண்ணி?”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ஓட்டுப் போட்டது குத்தம்னு தெரிஞ்ச அன்னைக்கே. நேர்காணல்ல உங்களையும் இதையே கேட்டிருப்பாங்கல்ல. நீங்க பாஸாயிட்டீங்க. அப்ப என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“கோபம் வரலையா?”

“வராம? ஒரு குளிர்காலம் பூரா இருந்துச்சு. அந்தப் பெரிய பனிக்கு உங்க படியை நான் தள்ளவே இல்ல. கவனிச்சீங்களா?”

“இல்லை” என்றேன்.

“பாத்தீங்களா. என் கோபத்தைக்கூட ஒரு ஆளும் மதிக்கிறதில்ல.”

வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தைப் புரட்டினேன். சோம்பேறி என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

2015 மார்ச் 12, வியாழன்

வக்கீல்கள் எல்லாருமே பிணந்தின்னிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட மிஸ் பச்சேகோவிடம் போனேன்; என் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. நான் ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

“அம்மா, நான் அவரோட வக்கீல், உங்களோடது இல்ல. நீங்க சொல்லப்போறது அவருக்கு நல்லது, உங்களுக்கு இல்ல. முதல்ல வேற ஒரு வக்கீலைப் பாருங்க. உங்க குடியுரிமையையே எடுக்கலாம். கேஸும் போடலாம். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறமும் சொல்லணும்னா வாங்க.”

பேசவிட்டிருந்தால் அவளுக்குத்தான் லாபம். விடவில்லை.

2015 மார்ச் 20, வெள்ளி

வேறு வக்கீலையும் பார்த்தாயிற்று. அவர் அரை மணி நேரம் ‘வேண்டாம்’ என்பதையே பலவிதமாகச் சொன்னார்.

டியோலிண்டாவிடம் சொன்னேன். சாட்சி சொல்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, 2006-இலேயே எனக்குத் தெரியும் என்றேன். கையை விட்டுவிட்டாள்.

“அவரு மாட்டுற வரைக்கும், ஆறு வருஷமா?”

ஆமென்று தலையாட்டினேன்.

“அதுக்கப்புறம் மூணு தடவை போனாருக்கா. மூணு தடவை! உன் ஜன்னலுக்குக் கீழதானே போனாரு? கதவைத் தட்டி ஒரு வார்த்தை — ‘போகாதே’ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக்கூடவா உனக்கு மனசு வரல?”

ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன் என்று நான்தான் அவனைத் திட்டினேன்.

2015 ஏப்ரல் 15, புதன்

பாஸ்டன். நீதிமன்றம் என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். பல் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. முன்னால் டியோலிண்டாவும் எல்மீரோவும் பெண்களும். நான் கடைசி பெஞ்சில் தனியாக.

எல்மீரோவிடம் எத்தனைமுறை ஓட்டுப் போட்டாய் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். “ஏழு” என்றான். “பட்டியலில் ஆறுதானே இருக்கிறது?” “பள்ளிக்கூடக் கமிட்டிக்கு ஒண்ணு போட்டேங்க, அது விட்டுப்போச்சு போல.” மிஸ் பச்சேகோ கண்ணை மூடிக்கொண்டாள். இவனை என்ன செய்வது? கடவுளாலேயே முடியாது.

என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி நிதானமாகச் சொன்னார்: பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம், புரிகிறதா? புரிகிறது என்றேன். சொன்னேன். வரிசை, அந்த ஆள், இரண்டு கார்டுகள், விரல் காட்டின இடம். என் ஓட்டு. என் இரண்டு ‘இல்லை’.

“அன்றைக்குப் பொய் சொன்னீர்கள். இன்றைக்கு மட்டும் ஏன் நம்ப வேண்டும்?” என்றார் அரசாங்க வக்கீல்.

“அன்னைக்குச் சொன்ன பொய்யால எனக்கு ஒரு நாடு கெடச்சுது. இன்னைக்குச் சொல்றதால என்ன கெடைக்கும்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் காகிதங்களைப் புரட்டினார். தடித்த கழுத்து. உள்ளே ஒன்றும் இல்லாத முகம். அவரைத் திட்டி என்ன, தன் வேலையைத்தான் செய்தார்.

சாயங்காலத்துக்குள் நீதிபதி முடிவைச் சொல்லிவிட்டார். எல்மீரோ இங்கேயே இருக்கலாம். கிரீன் கார்டு அவனிடமே இருக்கும்.

டியோலிண்டா என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். பெண்களும். எல்மீரோ மட்டும் நின்றான். “வாங்க அண்ணி, முன் சீட்டுல உக்காருங்க” என்றான். திரும்பிவரும் வழி முழுக்க அவன் ஒருவன்தான் பேசினான்.

2015 ஆகஸ்ட் 2, ஞாயிறு

டியோலிண்டா இன்னும் பேசவில்லை. கோயிலில் வேறு பெஞ்சு. அவள் இடத்தில் நான் இருந்தால் வேறு கோயிலுக்கே போயிருப்பேன்.

2015 அக்டோபர் 19, திங்கள்

எனக்கும் கடிதம் வந்துவிட்டது. என் 2006 விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். டிசம்பர் 10, காலை ஒன்பது மணி. ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்கள். மீன் கம்பெனியில் இந்த வேகத்தில் வேலை செய்தால் மீன் நாறிவிடும்.

2015 நவம்பர் 3, செவ்வாய்

மேயர் தேர்தல். இன்றைய தேதிவரை நான் இந்த நாட்டுக் குடிமகள்தான் என்று என் வக்கீல் சொன்னார். மழை பெய்தது. எல்மீரோ வேனைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான்.

ஓட்டுச்சாவடிக்கு வெளியே அவன் வேனிலேயே இருந்தான். மேசையில் இருந்த கிழவர் என் தெருவையும் கதவு எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்துவிட்டு, ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார். உள்ளே போனேன். வேட்பாளர்கள் இருவருமே எதற்கும் உதவாதவர்கள். அதிலும் கொஞ்சம் குறைவாக உதவாதவருக்குப் போட்டேன். சரியான கட்டத்தில்தான் போட்டேனா என்று மூன்றுமுறை பார்த்துக்கொண்டேன். வயதுதான் காரணம்.

வேனில் ஏறினதும், “கூட்டமா?” என்றான்.

“ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க.”

“யாருக்குப் போட்டீங்க?”

“உனக்கு எதுக்கு அது? உனக்குத்தான் ஓட்டு இல்லையே.”

அவன் சிரித்த சிரிப்பில் வண்டி ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்தவன் எங்களைத் திட்டிக்கொண்டே போனான். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், டிசம்பர் பத்தாம் தேதிக்கு பேக்கரியில் லீவு சொல்லிவிட்டானாம். டியோலிண்டாவும் வருவதாகச் சொன்னாளாம். பின் சீட்டில்தான் உட்காருவாளாம்.