அவருடைய பல் செட்டு

ஞாயிறு, மார்ச் 2
காலையிலேயே வெயில். துணி சீக்கிரம் காய்ந்துவிட்டது. நாத்தனார் சரோஜா வந்தாள், கையில் போன். என் மகன் குமரன் ஆஸ்திரேலியாவில் மேடையில் பேசியது அதில் வந்திருக்கிறதாம். கணக்குப் படிக்கப் போனவன். பாதியில் விட்டுவிட்டு பீர் கடைகளில் நின்று ஜோக் சொன்னான். இப்போது பெரிய ஹால். மலேசியா பாஸ்போர்ட்டைக்கூட மாற்றிக்கொண்டு அந்த நாட்டுக்காரனாகவே ஆகிவிட்டான்.

இங்கிலீஷ் புரியவில்லை. திடீரென்று தமிழ். அவர் செத்த அன்று நான் அழுத ஒப்பாரி, என் குரல் மாதிரியே இழுத்து. "பல்லுக்கு அளவு கொடுத்தீங்களே ராசா, பல்லு வருமுன்னே போனீங்களே." கையில் அவருடைய பல் செட்டு. பாட்டுக்கு ஏற்ப அதைத் திறந்து திறந்து மூடுகிறான். வெள்ளைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்று போன வருஷம் கேட்டு வாங்கிப் போனது. சுங்கைப் பட்டாணி டவுன் பல் டாக்டரிடம் நான் போய் எடுத்து வந்தது. அவர் போட்டே பார்க்காதது.

"அண்ணன் இருந்தா இதுக்குச் சிரிச்சிருக்கும் அண்ணி."

சிரித்திருப்பார்தான். அதற்கு?

மீன் குழம்பு அப்படியே இருக்கிறது. வாயில் வைக்க முடியவில்லை.

புதன்
குமரன் போன். வருஷத் திதிக்கு வருகிறானாம். பல்லைக் கொண்டு வா என்றேன். சரி, ஆனால் திரும்ப எடுத்துப் போக வேண்டும், ஷோவில் அதுதான் ஹிட் என்கிறான். ஹிட்டாம். போய் வாயைக் கொப்பளித்தேன்.

வாங்க: எள், வாழை இலை, நல்லெண்ணெய், முறுக்கு (அவருக்கு. காப்பியில் ஊறவைத்துத்தான் தின்பார்).

வெள்ளி
வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். பெட்டியில் ஜட்டி, சாக்ஸோடு பல் செட்டு. ஈறில் லிப்ஸ்டிக். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமாம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முழுசாகப் போகவில்லை.

என் அழுகைதான் கிடைத்ததா உனக்கு என்று கேட்டேன்.

"அங்க எல்லாருக்கும் உன்னைப் பிடிக்குது லா, அம்மா."

சனி
திதி. திதி கொடுக்க வந்த பண்டாரம் குமரனைப் பிண்டம் பிடிக்கச் சொன்னார். சோறு கையில் ஒட்டுகிறதாம், முகத்தைச் சுளித்தான். "நீயே பிடிச்சிரும்மா." அடுப்படியில் உட்கார்ந்து பிடித்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசு. பண்டாரம் பார்த்தார், எடுத்து இலையில் வைத்தார்.

அழுவேன் என்று பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

தஞ்சோங் டாவாய் கடற்கரைக்கு சரோஜா காடி ஓட்டினாள். சாம்பல் கரைத்த அதே இடம். குமரன் பிண்டம் வைத்த இலையைத் தலையில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். பின்பக்கமாக விட்டான். பண்டாரம் சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்தான்.

சாயங்காலம் பெட்டி கட்டும்போது தேடுகிறான். அலமாரி, பாத்ரூம், படையல் போட்ட இடம்.

"அம்மா, அப்பா பல்லு எங்க?"

"அப்பாகிட்ட. நீதானே கொண்டு போய்க் கொடுத்த."

அவன் சிரிக்கவில்லை. படையல் முறுக்கை எடுத்துக் கடித்தேன்.