மாமா எழுதிய ஆறரை மணி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். தோள் எலும்பு கூடி வருகிறது, கவலைப்படாதே. ரொட்டி வேன் கவிழ்ந்ததை மட்டும்தான் போனில் சொன்னேன், பிறகு நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேக் சரியில்லை என்று மூன்று தடவை சொல்லியும் மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேன் கவிழ்ந்ததும் நான் கண்மண் தெரியாமல் ஓட்டினேன் என்று பழியை என் தலையிலேயே போட்டுவிட்டார். ஆதாரம், கம்பெனி கேட் நோட்டு. நான் கிளம்பியது ஆறு மணிக்கு, நோட்டில் ஆறரை. கவிழ்ந்தது ஏழேகாலுக்கு, தூரம் அறுபது கிலோமீட்டர். அவர்கள் கணக்குப்படி முக்கால் மணி நேரம், கால் மணிக்கு இருபது, ஆக மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம். உண்மையில் ஒன்றேகால் மணி நேரம், கால் மணிக்குப் பன்னிரண்டு, மணிக்கு நாற்பத்தெட்டுதான். அந்த நோட்டை எழுதுகிறவன் உன் மாமா. என் கூடப்பிறந்த தம்பி, நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலை.

விசாரணையில் “ஆறரைதான் சார்” என்றான், என் பக்கம் திரும்பவே இல்லை. நல்லவேளை, வழியில் டீசல் போட்ட ரசீதை அப்பா என் பையிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். பங்க் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ரசீதில் மணி ஆறு இருபத்தெட்டு. ஆறரைக்குக் கிளம்பினவ அதுக்கு முன்னாடியே அங்க எப்படி சார் போய் நிப்பேன் என்று கேட்டேன். பழி நீங்கியது, தோள் சரியானதும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் “எழுதலைன்னா வேலை போயிடும்னு மிரட்டினாங்கக்கா” என்று அழுதான். எப்போது எழுதினாய் என்று கேட்டேன், கவிழ்ந்த அன்றைக்கே என்றான். அப்படியென்றால் நேரத்தைத் திருத்தி எழுதிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறான். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை குட்டிம்மா.

உனக்குப் போன் செய்து சமாதானம் பேசச் சொல்வான். எடுத்துப் பேசு, உனக்கு அவன் எப்போதும் மாமாதான். என்னிடம் மட்டும் அவனுக்காகப் பேசாதே. இனி அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா