அழிக்காதே, அழித்துவிடு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமா என்று நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. ஆனால் அந்தப் பொறுமை இன்று இல்லை. நீ பார்த்துப் பார்த்துப் பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர் என் உயிரை வாங்குகிறது.

போன மாதம் ஏதோ பெரிய அப்டேட் வந்தது. அன்று பிடித்த சனியன். பத்து நிமிடம் ஓடும், அப்புறம் மவுஸ் உறைந்து நிற்கும், திரை நீலமாகும், தானாக அணைந்து தானாக எழும். உனக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் போய்விட்டது. போனில் சொன்னால் நீ ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதமும் பேனாவும்.

குழந்தை நோய்கள் கையேட்டின் மொழிபெயர்ப்பு இந்த மாதக் கடைசியில் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். நேற்று தட்டம்மை அத்தியாயம் ஒன்பது பக்கம் போயே போய்விட்டது. மேசையை ஓங்கிக் குத்தினேன். வீங்கினது என் கைதான்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிடலாமா? பக்கத்துத் தெருக் கடையில் அரை நாள் வேலை என்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டார்கள். அது உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு.

எரிச்சலோடு,
உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் என்கிற திட்டு கிடைத்தது. அண்ணி படித்துவிட்டு, "உங்க தங்கச்சிக்குக் கோவம் கம்ப்யூட்டர் மேலயா, உங்க மேலயா?" என்றாள்.

வங்கியில் இருபது வருடமாக இருநூறு கம்ப்யூட்டர்களை நான்தான் கட்டி மேய்க்கிறேன். அதனால் சொல்வதைக் கேள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்று. மெமரி பட்டைகள் இரண்டையும் உருவி, மஞ்சளாக மின்னும் விளிம்பை பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகு. ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை பிரஷால் தட்டு. அதற்கும் சரியாகாவிட்டால் ஒரு பட்டையை மட்டும் போட்டு ஓட்டிப் பார், பிறகு மற்றதை. பவர் சப்ளையும் ஒரு காரணமாக இருக்கலாம். வேறு பிளக்கில் செருகிப் பார்.

புதிதாகப் போடும் பேச்சே வேண்டாம். எதையும் அழிக்காதே. கடைக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். உன் பத்து வருட மொழிபெயர்ப்புகள், அப்பாவின் படங்கள் எல்லாம் காற்றோடு போகும். பாஸ்வேர்டு என்னிடமே இருக்கட்டும், நீ எங்காவது எழுதி வைத்துத் தொலைப்பாய்.

எப்போதும்போல மெஷினை ஆன் செய்தே வை. இணைய இணைப்பையும் எடுக்காதே.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாற்பத்தொரு வயதுக்காரியை இன்னும் குட்டி என்கிறாய். போகட்டும்.

நீ சொன்ன அத்தனையும் செய்தேன். பட்டைகளை ரப்பரால் தேய்த்தேன். தூசி தட்டியதில் நாள் முழுக்கத் தும்மினேன். ஒற்றைப் பட்டையோடு ஓட்டினேன், மற்றதோடு ஓட்டினேன். சமையலறை பிளக்கில் செருகி, அடுப்பு மேடையில் மானிட்டரை வைத்து நின்றுகொண்டே கக்குவான் இருமலைப் பற்றித் தட்டினேன். பதினோராவது நிமிடம் நீலம்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். நீ செய்யாதே என்றதைச் செய்தேன். ஆத்திரத்தில் இணைய கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். கம்ப்யூட்டர் சாயங்காலம் வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே. கேபிளைச் செருகினால் பத்து நிமிடத்தில் சாகிறது, எடுத்தால் குழந்தை மாதிரி சமர்த்தாக இருக்கிறது. இதில் மெமரி எங்கே வந்தது, தூசி எங்கே வந்தது?

இனி பொறுக்க மாட்டேன். புதிதாகப் போடத்தான் போகிறேன். பாஸ்வேர்டை அனுப்பு.

உன் தங்கை

மார்ச் 19

குட்டி,

உனக்கு நாலு எழுத்து மொழிபெயர்க்கத் தெரியும் என்பதற்காக எல்லாம் தெரியும் என்று நினைக்காதே. அது நெட்வொர்க் கார்டு கோளாறு. பத்து நிமிட வேலை. முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாற்றித் தருகிறேன். அதுவரை கேபிள் இல்லாமல் வேண்டுமானால் தட்டிக்கொள். ஆனால் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதே.

தனியாக இருக்கிற பெண் தன் கம்ப்யூட்டரைக் கண்டவர்களிடம் தூக்கிக் கொடுப்பாளா? உன் கடிதங்களை, உன் சொந்த விஷயங்களை எல்லாம் எவனோ உட்கார்ந்து படிப்பான். அந்தப் புத்தி இல்லையே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. மீறிக் கொண்டுபோனால் இனி எதற்கும் என்னிடம் வராதே.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

கொண்டுபோனேன்.

கடையில் ஒரு பெண்தான் இருக்கிறாள், இருபத்தைந்து வயது இருக்கும். மெஷினைத் துடைப்பதற்கு முன்னால் என் கோப்புகளை நகல் எடுத்துவிடுகிறேன் என்று, தன் பென் டிரைவில் இருக்கும் சிஸ்டத்தை வைத்து மெஷினை ஓட்டி உள்ளே இருப்பதைத் திறந்தாள். உன் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மெமரி நல்லா இருக்குக்கா. டிஸ்க்கும் நல்லா இருக்கு. ஆனா உங்க மெஷின்ல யாரோ குடியிருக்காங்க" என்றாள்.

நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் எழுதி வைத்து, இணையம் வழியாக வெளியே அனுப்புகிற புரோகிராம். வெளியிலிருந்து ஆள் உள்ளே வந்து என் மவுஸைப் பிடித்து ஓட்டவும் அதில் வழி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், நீ இந்தக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போன அன்று போட்டது. புது அப்டேட் அதை இருக்க விடமாட்டேன் என்கிறது, அது போகமாட்டேன் என்கிறது. அது இணையத்தில் அனுப்பக் கிளம்பும்போதெல்லாம் நடக்கிற அந்தச் சண்டையில்தான் மெஷின் விழுகிறது. அனுப்புகிற முகவரி யாருடையது என்று அவள் கேட்டாள். எங்கள் அண்ணனுடையது என்று சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அதோடு போயிருந்தால் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். அந்தப் பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் படித்தேன். நான் தட்டியதை மட்டுமல்ல, அந்தக் கீபோர்டில் தட்டியதாக வந்த எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருக்கிறது. உள்ளே புகுந்து நீ தட்டியதையும்.

கால்நடை மருத்துவர் ஒருவரின் கையேட்டை நான் மொழிபெயர்த்தது நினைவிருக்கிறதா? சந்தேகம் கேட்டு எழுதுவேன், அவர் பதில் எழுதுவார். பிறகு சந்தேகம் இல்லாமலும் எழுதினோம். ஒரு நாள் அவர், வீட்டுக்கு வந்து பேசலாமா என்று கேட்டிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோம் என்று மனம் மாறிவிட்டார் போல என்று நினைத்தேன். நானாக எழுத ரோஷம் விடவில்லை. இரண்டு வருடம் இதே வீட்டில் அந்த அவமானத்தோடு சோறு தின்றேன்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு என் பெயரில் அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. அந்த நேரம் நான் பதிப்பகத்தில் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கள் கடிதங்கள் எனக்கு அருவருப்பைத் தருகின்றன. வேலைக்காக மட்டுமே பேசினேன். இனி மெயிலோ போனோ வேண்டாம். மீறினால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்."

முப்பத்தொன்பது வயதில் நான் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்கிறவளா? எழுதத் தெரியாத கழுதை. அனுப்பிவிட்டு, அந்த நகலையும் அழித்துவிட்டு, அவரிடமிருந்து எது வந்தாலும் நேரே குப்பைக்குப் போகும்படியும் செய்திருக்கிறாய்.

கடைக்காரன் படிப்பான் என்று பயமுறுத்தினாயே. அதை எழுத உன் கை கூசவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை வராதே.

மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் நிதானமாகக் கேள். அப்பா போகும்போது உன்னை என் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். நீ தனியாக இருக்கிறாய், உலகம் தெரியாதவள். ஏதாவது ஆபத்து வந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதைப் போட்டேன். படிக்க வேண்டும் என்று போடவில்லை. அந்த ஆளுடைய கடிதங்கள் கண்ணில் பட்டன. ஏற்கெனவே ஒரு விவாகரத்து ஆனவர். இந்த வயதில் நீ ஏமாந்து நின்றால் யார் பதில் சொல்வது? என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நடந்தது நடந்துவிட்டது. இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சிஸ்டத்தை உடனே புதிதாகப் போட்டுவிடு. நகல் எதுவும் எடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடு. அந்தப் பதிவை இனி வைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது? உனக்கும் நிம்மதி, எல்லோருக்கும் நிம்மதி. பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

இது அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்

ஏப்ரல் 11

உனக்கு,

போன மாதம் நான் அழிக்கிறேன் என்றேன், நீ அழிக்காதே என்றாய். இப்போது நீ அழித்துவிடு என்கிறாய். அழிக்கவில்லை. பதிவு முழுவதையும் இரண்டு நகல் எடுத்து வைத்த பிறகுதான் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டோம். அந்தக் கடைப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்து நானே போட்டேன். இப்போது பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும்.

அந்த மெயிலை அச்செடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நாய்க்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிகிற வரை வெளியே நின்றேன். சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் கை கழுவிவிட்டு வந்து தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இது நீங்க எழுதலையா?"

"இல்லை. எங்க அண்ணன்."

"உங்க வாக்கியம் மாதிரி இல்லையேன்னு அன்னிக்கே தோணுச்சு. நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

பிறகு நாற்காலி போட்ட பெண்ணைக் காட்டி, "என் மனைவி" என்றார். கல்யாணமாகி எட்டு மாதம். நல்ல பெண். நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னாள்.

நான் எதையும் திரும்பக் கேட்கப் போகவில்லை. ஒரு நல்ல மனிதர் இரண்டு வருடமாக என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததை மாற்றப் போனேன். மாற்றிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, நீ எனக்குத் தைரியம் சொல்லி எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் கிழித்தேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்போதுதான் அழுதேன்.

அப்பா என்னை உன்னிடம் ஒப்படைத்தார் என்கிறாய். மூன்று மாதம் அவருக்கு மலமூத்திரம் எடுத்தவள் நான். என்னிடம் அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை.

வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். உன்னிடம் இருக்கிற சாவி இனி எதையும் திறக்காது. இதற்குப் பதில் எழுதாதே, பிரிக்க மாட்டேன்.

கையெழுத்து என்ன போடுவது என்று தெரியவில்லை. அதனால் போடவில்லை.

மே 6

தங்கைக்கு,

பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் வங்கியிலிருந்து தாமதமாக வந்தேன். தபாலை எடுத்தது அண்ணி. சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்திருந்தாள். என்ன சொல்வதென்று ஆயிரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. வழக்கம்போலப் பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை தன் போனையும் லேப்டாப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்குக் கிளம்பினாள். வாசல் வரை பின்னாலேயே போய், "அதுல ஒண்ணும் இல்லம்மா, சத்தியமா ஒண்ணும் இல்ல" என்றேன்.

"பாத்துட்டு வரேன்" என்றாள்.