மூன்று சுற்று ஸ்க்ரூ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அதாவது உடம்பளவில் நலம், என் மனசுதான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபோனில் பேசினால் கத்திவிடுவேனோ என்று பயந்துதான் எழுத உட்கார்ந்தேன். முழுசாகப் படி, பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போடாதே.

நம்ம லாரி ஒன்பது வருஷமாக மேடு ஏற முக்கி முனகுவது உனக்குத் தெரியும். லோடு ஏற்றினால் அறுபதைத் தாண்டாது. டீசலில் கலப்படம் என்று பங்க்காரரோடு சண்டை போட்டேன், ஃபில்டரை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தது. நீ கிரீஸ் மாமா என்று கூப்பிடுவாயே, நம்ம பட்டறைக்காரர், அவரிடம் கொண்டுபோய் விட்டால் எட்டிப் பார்த்துவிட்டு "வண்டிக்கும் வயசாவுதுல்லண்ணே" என்று சிரித்து அனுப்பிவிடுவார். போன வாரம் அவர் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டதால் அவருடைய மருமகள்தான் வண்டியைப் பார்த்தாள். நல்ல வேலைக்காரி. டீசல் பம்ப்பில் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினாள், முள் நாற்பதில் நிற்க வேண்டியது இருபத்தெட்டில் நிற்கிறது. "யாரோ வேணும்னே எறக்கி வச்சிருக்காங்க" என்றாள். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை மெல்ல மெல்ல உள்ளே திருகினாள், மூன்று சுற்று, முள் நாற்பதுக்கு வந்தது, நட்டை இறுக்கினாள், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலைம்மா.

அன்றைக்கே சிமென்ட் லோடோடு மேட்டில் ஏறினேன். வண்டி பறந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. முன்னால் ஒரு டேங்கர் ஊர்ந்துகொண்டிருந்தது, வளைவு என்று தெரிந்தும் ஏறி முந்தினேன். எதிரே பஸ். எப்படி ஒதுக்கினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. பக்கவாட்டுக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, பஸ் ஜன்னலோரம் ஒரு பெண் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு கடந்தாள். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வண்டியை ஓரம்கட்டி இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கிரீஸ் மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நான்தாண்ணே எறக்குனேன், அண்ணி கால்ல விழாத குறையா கேட்டாங்க, சர்வீஸுக்கு வர்றப்பல்லாம் ஏறியிருக்கான்னு பாத்துக்குவேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து குதித்தேன். உன் அம்மா மறுக்கவே இல்லை, துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை. "பாலத்துச் செவுத்துல மோதி ரெண்டு மாசம் கெடந்தீங்க, நான்தான் ஊட்டிவிட்டேன், வண்டிய வித்துடுங்கன்னா கேட்டீங்களா, மெதுவா ஓட்டுங்கன்னாவது கேட்டீங்களா" என்றாள். அதோடு விட்டாளா, "யோசனை என்னோடது இல்ல, உங்க பொண்ணோடது" என்று ஒரு போடு போட்டாள்.

நீயா! அப்போது நீ காலேஜில் முதல் வருஷம். அப்பா கால் கட்டோடு படுத்திருக்க, நீ பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய், பிள்ளை எப்படிப் படிக்கிறாள் பார் என்று நான் பூரித்துப் போய்க் கிடந்தேன். என் லாரிக்குக் கடிவாளம் போடத்தான் படித்தாய் என்று எனக்கென்ன தெரியும். சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், அதுவும் உண்மைதான்.

நேற்று காலையில் அம்மாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அந்த ஸ்க்ரூவை அவள் கண்ணால் பார்த்ததே இல்லையாம், "இத்துனூண்டா" என்று கேட்டாள். ரொம்ப இறக்கினால் பம்ப் கெட்டுவிடும், முப்பத்துநாலோடு நிறுத்துங்கள் என்று மருமகள் சொன்னாள். நட்டை நான் பிடித்துக்கொண்டேன், ஸ்க்ரூவை அம்மா திருகினாள். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் போதும் என்று சொல்லும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது ஆண்டு விபத்தில்லா ஓட்டுநர் என்று சிமென்ட் கம்பெனியில் எனக்கு ஷீல்டு கொடுத்தார்களே, மேடையில் ஏறி நிதானத்தைப் பற்றிப் பேசிவிட்டு வேறு வந்தேன். இப்போது அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. துடைத்துத் துணியில் சுற்றி இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, உன் வீட்டில் மாட்டு.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, வேறு எதையாவது எனக்குத் தெரியாமல் திருகி வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், சொல்லாதே.

இப்படிக்கு,
முப்பத்துநாலில் ஓடும் உன் அப்பா