நெஞ்சிலிருந்து கழற்றிய வால்வு

மாப்ளே,

இன்று காலை மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறந்து, மல்லிகைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். கையை மோந்தால் பித்தளை வாசம். உன் வால்வு அல்லவா அது? உன்னைக் கேட்காமல் நான் கழற்றி வந்தது. உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் எட்டாவது தாண்டாதவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள். ஊர்க்காரன் நோட்டீஸையெல்லாம் திருத்தியவன்தானே நீ.

நான் உனக்குத் தாய்மாமன், ஆனாலும் நாலே வயது மூப்பு. உன்னை டிசைனர் ஆக்கியதே நான்தான் என்று சாணார்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ சுவரில் விளம்பரம் எழுதிய காலத்தில் ஏணியைப் பிடித்தது யார்? ஒரே ஒரு நாள்தான் பிடித்தேன். பிடித்தேனா, இல்லையா?

பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டாய். காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று திண்டுக்கல்லில் நீ ஃபிளெக்ஸ் போடாத முகம் இல்லை. உன் கல்யாண ஃபிளெக்ஸுக்கு நான் வந்து மல்லுக்கு நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா?

“ஏலே, மாப்பிள்ளை படம் பெரிசு, தாய்மாமன் படம் சிறிசா? சபையில எனக்கு என்னடா மரியாதை?”

“கோவிக்காதீக மாமா. ஒங்க மீசைக்கு மட்டும் ஒரு அடி தனியா விட்டுட்டேன், போதுமா?”

அந்த மீசையைப் பார்த்து நத்தம் பஸ்ஸே செத்த நேரம் நின்றது. டிரைவர் இறங்கிக் கும்பிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படி ஓடிய ஆள் ஒரு மழைநாளில் மாறிப்போனாய். அகரம் பக்கம் ஓர் ஆட்டுக்கொட்டகையின் மேல் நீ செய்த ஃபிளெக்ஸ் கிழிந்து தொங்கியது. யாரோ பெரிய மனிதரின் காதை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

“அம்புட்டுப் பேரு நரையவும் கருப்பாக்கியிருக்கேன் மாமா. நான் செஞ்சதுல ஒண்ணுகூட ரெண்டு மழை தாங்கல. நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டுப் போகணும்.”

அதன்பிறகு பழைய இரும்புக் கடையே கதி என்று கிடந்தாய். “பெரியப்பா, கடையைப் பூட்டிப்புட்டு வெறும் பூட்டா வாங்கியாறாரு, நீங்களாவது கேளுங்க” என்று உன் மனைவி என்னிடம் அழுதாள். நான் கேட்கவில்லை. நீயோ, உன் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கதவின் மேல் துருப்பிடித்த பூட்டு, சாவி, தராசுத் தட்டு, சைக்கிள் செயின் எல்லாம் முடுக்கி ஆளுயரத்துக்கு ஒரு மனிதனை நிறுத்தினாய். நெஞ்சுக்கு நடுவில் ஒரு பித்தளை வால்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோட்டத்து வால்வு உடைந்தது. கடைகள் மூடியிருந்தன, பூ வாடிக்கொண்டிருந்தது. உன் கொட்டகைக்கு வந்தேன், நீ இல்லை. இத்தனை இரும்பில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும் என்று ஸ்பேனரைப் போட்டேன்.

மறுநாள் நீ தோட்டத்துக்கு வந்தாய். சண்டைதான் என்று நினைத்து, நானே முதலில் குரலை உயர்த்தினேன். நீ வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மாமன்னா சீர் கொண்டாரணும். நீங்க நெஞ்சையே கழட்டிட்டு வந்துட்டீகளே மாமா.”

“வேற வால்வு வாங்கித் தாரேன்டா.”

“வேணாம். ஓடட்டும்.”

மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை அன்று எனக்கு வாயில் வரவில்லை. போன தையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். “தாத்தா, அப்பா செஞ்சதையெல்லாம் மண்டபத்துல கண்காட்சியா வைக்கிறோம். கதவு மனுசனுக்கு நெஞ்சுல ஓட்டை. அரைகுறையா வச்சா அப்பாவைத்தான் சிரிப்பாங்க. வால்வைக் கொண்டாங்க.”

அன்றே கழற்றினேன். புளி போட்டுத் தங்கமாகத் தேய்த்துக் கொண்டுபோனேன். நட்டை முடுக்கக் கதவைத் திருப்பினோம். பின்பக்கம், ஓட்டைக்குக் கீழே, பென்சிலில் உன் எழுத்து: “வால்வு மாமா தோட்டத்தில் ஓடுகிறது. இப்படியே நிற்கட்டும்.”

உன் மகள் இரண்டு தடவை படித்தாள். பிறகு வால்வை என் கையிலேயே வைத்து மூடினாள். “எடுத்துட்டுப் போங்க தாத்தா. பூ காஞ்சிரப் போகுது.”

மண்டபத்தில் இரண்டு நாளும் வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கி, அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் அந்த ஓட்டையைத்தான் கேட்டார்கள். “அது நான் செஞ்சது” என்றேன். ஆயிரம் கதை விட்டவன்தான் நான் மாப்ளே, இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் போய்விட்டது. எழுந்துபோய் வால்வை மூட வேண்டும். கையை இன்னும் கழுவவில்லை.