நங்கூர முத்திரைக் கரண்டிகள்

தூத்துக்குடி,
12.11.1976

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களைப் போல ஓர் அழுத்தக்காரரை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் அம்மாவின் பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிகளையும் மகளுக்குச் சீதனமாகக் கொடு என்று கப்பலிலிருந்து சுலபமாக எழுதிவிட்டீர்கள். நேற்று மாப்பிள்ளையின் அப்பா பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் சாமான்களுக்கு மதிப்புப் போடுகிறவர். பெட்டிச் சாவியைக் காணோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஏனென்றால் அறுபத்தாறில் சின்னவனுக்கு டைபாய்டு வந்தபோது, அந்தக் கரண்டிகளை ஏரல் கடைத்தெருவில் விற்றுவிட்டு, அதே மாதிரி வெள்ளி முலாம் பூசினவற்றைப் பெட்டியில் வைத்தேன். நீங்கள் கடலில் இருந்தீர்கள். பத்து வருஷமாக உங்களிடம் சொல்லவில்லை.

அவர் காம்பைத் திருப்பிப் பார்த்தார். "சிங்கம் இருக்கு, நல்ல வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம் ஊரு முத்திரை. இந்த எழுத்துதான் வருஷம். அறுபத்தொம்பதுல செஞ்சிருக்கான். அம்பதுலயே செத்துப்போன ஒங்க மாமியா கரண்டின்னு சொல்லுதியளே, சம்பந்தியம்மா?"

நான் முலாம் வைத்த இடத்தில் வெள்ளி! எழுபதில் லீவுக்கு வந்தபோது ஒரு மத்தியானம் முழுக்கப் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தீர்களே, அன்றைக்குத்தானே மாற்றி வைத்தீர்கள்?

தெரிந்த மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? நீங்கள் வீட்டிலிருந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கரண்டியால் பரிமாறும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு! வருஷா வருஷம் கோவிலில் சாமியாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் வேறு.

மகளுக்கு வேறு ஏதாவது வாங்கி வாருங்கள். இந்தக் கரண்டிகளை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி