பெட்டி மாறிய செக்

வெள்ளி இரவு, செப்டம்பர் 1991, குன்றத்தூர்

கம்பெனி பயிற்சிக்காகப் பூனா போயிருக்கிற என் வீட்டுக்காரர், கிரெடிட் கார்டு பில்லுக்குச் செக் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். கெடுவுக்குள் கட்டாவிட்டால் கார்டை நிறுத்திவிடுவார்களாம். அங்கே ஓட்டல் பில்லுக்கு அவர் நம்பியிருப்பதே அந்தக் கார்டைத்தான்.

நானும் திங்கட்கிழமையே பாங்க் பெட்டியில் செக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். இன்று பணம் எடுக்கப் போனால், கவுண்ட்டரில் இருக்கும் அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இன்னாங்க, கார்டு செக்கை எங்க பொட்டில போட்டுட்டுப் போயிட்டீங்க? அந்தக் கார்டு தாம்பரத்துல இருக்கிற பெரிய பேங்க்கோடது. எங்களுது அதோட தங்கச்சி பேங்க்கு. போர்டுல சின்னம் ஒண்ணா இருந்தா கணக்கும் ஒண்ணாயிடுமா?"

கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

"தபால்ல அனுப்பினா லேட்டாவும்னு புதன்கிழமையே நான் எடுத்துக்கினு போய்க் கட்டிட்டேன்" என்று முத்திரை குத்திய ரசீதை நீட்டினார். அதற்காக அரை நாள் லீவு போட்டாராம்.

போன மாதம் கையெழுத்து சரியில்லை என்று எல்லார் முன்னாலும் என்னைக் கடிந்தவர் இவர்தான். வீட்டுக்கு வந்து இவரை எவ்வளவு திட்டியிருப்பேன். பஸ் காசாவது கொடுக்கப் போனேன். முறைத்தார்.

நாளைக்குப் பூனாவிலிருந்து போன் வரும். நான் வாயைத் திறக்காவிட்டால் என் தப்பு அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அந்த அம்மாள் செய்ததும் தெரியாமலே போய்விடும்.

சொல்லிவிடுகிறேன். திட்டினால் திட்டட்டும்.